வியாழக்கிழமைப் புகை

ரொட்டியில் இரண்டாவதாக ஒரு கடி இருந்தது.

இனோபத் முக்காலியின் மேல் ஏறி நின்று, ஆணியில் தொங்கிய துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலைகளில் பின்னறையைத் துடைக்கும்போது பையைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவது அவள் வழக்கம். இரண்டு வருஷமாக அதில் ஒரே ஒரு கடிதான் இருந்தது. அது அவள் மகன் நோதிருடையது. தூரதேசத்துச் சமாராவுக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், அவள் நீட்டிய ரொட்டியை வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். மீதியை அவள் இங்கே தொங்கவிட்டாள். போனவன் வந்து அந்த மீதியைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை ரொட்டி காத்திருக்கும். அது காத்திருக்கும்வரை அவன் வீடு திரும்பும் வழியும் திறந்திருக்கும். இந்தக் குவா ஊரில் பிள்ளையை வெளியூர் அனுப்பிய எந்த வீட்டிலும் இப்படி ஒரு ரொட்டி தொங்கும்.

எலி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் எலி கொறித்தால் தூள் இருக்கும், புழுக்கை இருக்கும். இது பல் பதிந்த கடி. நோதிரின் கடி தூசி படிந்து பழுப்பேறிக் கிடந்தது. அவனுடைய முன்பற்களில் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும், அந்தக் கோணல்கூட அதில் தெரியும். பக்கத்திலிருந்த கடியோ உள்ளே வெள்ளையாகப் புதுசாக இருந்தது. அதன் நடுவில் மெல்லியதாக ஒரு மேடு. முன்பற்களுக்கு நடுவே சந்து உள்ள வாய் கடித்தால் விழும் மேடு அது. கல்லாகிப்போன ரொட்டி வேறு, சுத்தியல் வைத்துத்தான் உடைக்க முடியும்.

அவளுக்குப் பல்லில் சந்து கிடையாது. கணவர் எர்காஷுக்கும் கிடையாது. வீட்டில் மூன்றாவது ஆளும் கிடையாது.

"நோதிர் அம்மா! அங்க என்ன பண்ற? வந்து பாரு உன் பூனை பண்ணின வேலைய!"

கொல்லைப்பக்கத்தில் எர்காஷ் தன் புது அடுப்புக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். முப்பத்தோரு வருஷம் குவாவுக்கும் ஃபெர்கானாவுக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சும்மா இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். நோதிர் வருகிறான் என்று தெரிந்ததுமே கரண்டியும் சிமெண்டுமாகக் கிளம்பிவிட்டார். வெறுமனே கிடந்த கொல்லையில் கறி சுட ஓர் அடுப்பு, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். செங்கல்லை இடுப்புயரம் கட்டி, மேலே கொல்லரிடம் சொல்லிச் செய்த நீள இரும்புத் தொட்டியைப் பதித்துவிட்டார். அடியில் காற்று வரத் துளை, ஓரத்தில் கம்பி நிற்கப் பள்ளம், தலைக்குமேல் தகரக் கூரை. பக்கத்தில் கறி வெட்ட ஓடு பதித்த மேடை. எதிரே திராட்சைப் பந்தலின் கீழ் எட்டுப் பேர் சப்பணம் போட்டு உட்காரும் பெரிய தாப்சான் கட்டில் வரவேண்டியது. இப்போதைக்கு அதன் நாலு கால்தான் நின்றது.

"நேத்து ஆறு கம்பி கறி சுட்டமா? நாலு தின்னோம். ரெண்டக் காலைல சூடு பண்ணிக்கலாம்னு சட்டியில மூடி வச்சேன். பாரு, கழுவித் துடைச்ச மாதிரி இருக்கு."

இரண்டு கம்பிகளும் சட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில், நேராக, முனை ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன.

"மூடி எங்க இருந்துச்சு?"

"மூடித்தான் இருந்துச்சு."

"பூனை தின்னுட்டு மூடி வச்சிட்டுப் போச்சா?"

"நீ வளர்த்த பூனையாச்சே, சுத்தம் இருக்காதா?" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ரொட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். கேலி செய்வார் என்று விட்டுவிட்டாள்.

அன்று மாலை நோதிர் போனில் பேசினான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இன்னும் மூன்றே வாரம், வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பேன் என்றான். அப்பாவின் அடுப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

"அம்மா, நான் வந்து அந்தப் பச்சைக் கதவத் தட்டறப்ப நீ உள்ள என்ன பண்ணிட்டிருப்பன்னு சொல்லட்டா? வெங்காயம் உரிச்சிட்டு அழுதுட்டிருப்ப."

"எந்தப் பச்சைக் கதவுடா? நீலம். நீதான பெயிண்ட் அடிச்ச, போறதுக்கு முந்தின வாரம்?"

"ஆமால்ல," என்றான். "வேலைல மூளை மழுங்கிப் போச்சும்மா."

அடுத்த வாரம் முழுக்க எர்காஷுக்குத் தலைகால் புரியவில்லை. தாப்சானுக்குப் பாப்லர் மரப் பலகை வந்தது. கைப்பிடிக்கு நீல வண்ணம், ஏற இரண்டு படி. பந்தலில் விளக்குச் சரம் தொங்கவிட்டார். மட்டக்கோலை வைத்து வைத்துப் பார்த்தார், ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் பிரித்துக் கட்டினார். இனோபத் மெத்தைகளுக்கு உறை தைத்தாள். மகன் வருகிறான் என்ற சந்தோஷம் உள்ளுக்குள் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் அடியில் ஏதோ ஒன்று புரண்டுகொண்டே இருந்தது, ஊசி கோக்கும்போதும், மாவு பிசையும்போதும்.

வியாழன் சந்தை நாள். எர்காஷ் புதுக் கறியும் ஆட்டு வால்கொழுப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். "சோதனை ஓட்டம் நம்பர் ரெண்டு," என்றார். வெயில் இறங்கி, மாதுளைத் தோட்டங்களின் மேல் மஞ்சள் வெளிச்சம் படுத்திருந்த நேரத்தில் ஆப்ரிகாட் விறகு தணலாகி, கொழுப்பு ஒவ்வொரு சொட்டாக அதன் மேல் விழுந்து சுர்ரென்று பொங்க, வெங்காயமும் சீரகமும் கருகின கொழுப்புமாகக் கலந்த அந்தப் புகை மேலே போகாமல், கூரைத் தகரத்தில் முட்டி, வளைந்து, சுவரோரமாகவே ஊர்ந்து, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல் பின்னறை ஜன்னலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. காற்று எதிர்த்திசையில்தான் அடித்தது. பந்தலின் இலைகள் எதிர்த்திசையில்தான் ஆடின.

இனோபத் தேநீர்க் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கரக்.

காய்ந்த எதையோ கடைவாய்ப் பல்லில் வைத்து உடைக்கும் சத்தம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நிதானமாக மெல்லும் சத்தம்.

"கேட்டுச்சா?"

"என்னது? விறகு வெடிக்குது," என்றார் எர்காஷ் விசிறிக்கொண்டே.

சாப்பிட உட்கார்ந்தபோது விரிப்பில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. தான்தான் வைத்தாளா, அவளுக்கே நினைவில்லை. மூன்றாவதில் தேநீர் ஊற்றவில்லை, அது நிச்சயம். எழுந்திருக்கும்போது அதன் அடியில் இரண்டு தேயிலை ஒட்டியிருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கத்து மெத்தையில், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் பள்ளம்.

பின்னறைக்கு ஓடினாள். ரொட்டியில் பாதிதான் இருந்தது. நோதிரின் கடி இருந்த ஓரமே போய்விட்டது.

அன்று நோதிரை அவளே கூப்பிட்டாள். அவன் குரல் தூக்கத்தில் பேசுகிறவன் குரல் போல் இருந்தது. "அம்மா, நம்ம தெரு பேரு என்ன? ஊருக்குப் போற பசங்க கேட்டாங்க, சட்டுன்னு வாயில வரல. நம்ம வீட்டுல கிணறு இருந்துச்சா?" அவள் தெருப் பெயரைச் சொன்னாள். கிணறு கிடையாது, குழாய்தான் என்றாள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு ஹைரி அக்கா புது அடுப்பைப் பார்க்க வந்தாள். தோள் அகன்ற பெண், வாயும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து இதே தெரு. தாப்சானில் ஏறி உட்கார்ந்து பார்த்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "உன் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினதுக்குப் பதில் இதையே பண்ணியிருந்தா ஊரே உட்கார்ந்து தின்னிருக்கும்," என்றாள். அடுப்பருகே போனதும் கீழ்வரிசைச் செங்கற்களைக் குனிந்து பார்த்தாள். மற்றவை சிவப்பு, அந்த வரிசை மட்டும் கறுப்பு.

"இந்தக் கல்லு எங்க கெடைச்சுது?"

"இந்த மூலையிலேயேதான். அஸ்திவாரம் தோண்டினப்ப ஒரு பழைய அடுப்பு புதைஞ்சு கெடந்துச்சு. நல்லா வெந்த கல்லு, எதுக்கு வீணாக்கணும்னு இவர் எடுத்து வச்சிட்டார்."

"அது மஹ்காம் அம்மாவோட வியாழக்கிழமை அடுப்பு, தங்கச்சி."

மஹ்காம் அம்மா இந்த வீட்டில் முன்பு இருந்தவள். அவள் செத்த பிறகு தாஷ்கண்டிலிருந்து மகள் வந்து வீட்டை இவர்களுக்கு விற்றாள். அதற்கு மேல் இனோபத்துக்குத் தெரியாது. வியாழக்கிழமை அடுப்பு என்றால் சொல்லத் தேவையில்லை. வியாழன் மாலையில் எண்ணெய் காய்ச்சி மணம் எழுப்பினால் செத்தவர்கள் அந்த மணத்தைத் தேடி வீட்டுக்கு வந்து பசியாறிப் போவார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"யாருக்காகக் காய்ச்சினாங்க?"

"செத்த புள்ளைக்குன்னு அந்தம்மா ஒத்துக்கவே ஒத்துக்காது. 'என் புள்ள சாகல, பசிக்குது அவனுக்கு, அவ்வளவுதான்'னு சொல்லும். கமோல்னு ஒரே பையன். பட்டாளத்துல சேர்த்து ஆப்கான் சண்டைக்கு அனுப்பினாங்க. பத்தொம்போது வயசு. சிரிச்சா முன்பல்லுக்கு நடுவுல சந்து தெரியும், அதுல விசில் அடிப்பான். அப்புறம் ஆளும் வரல, சவப்பெட்டியும் வரல. நாப்பது வருஷம் அவன் ரொட்டியக் காத்துச்சு அந்தம்மா. ஆமா, அந்த ரொட்டி என்னாச்சு? பின்னறையில, ஆணியில இருந்துச்சே?"

இனோபத் பின்னறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குக் குடிவந்த அன்று பின்னறையில் அந்தப் பையைப் பார்த்திருந்தாள். உள்ளே கல் மாதிரி ஒரு ரொட்டி, ஓரத்தில் ஒரு கடி. யாருடையது என்று கேட்க ஆளில்லை. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம். அதனால் அதை நனைத்து, உதிர்த்து, கூரை மேல் சிட்டுக்குருவிகளுக்குப் போட்டாள். ஒரு நல்ல பெண் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். பை நல்ல துணி, ஓரத்தில் பூவேலை செய்தது. துவைத்து மடித்து வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மகன் கிளம்பியபோது அவன் ரொட்டியை அதே பையில் போட்டு அதே ஆணியில் தொங்கவிட்டாள்.

சொல்லி முடித்தபோது ஹைரி அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அடிப் பாவி," என்றாள் மெதுவாக. "அந்தப் பையன் வந்தா எதைத் தின்னுவான்?"

உடனே அவளே பயந்துபோய், "சும்மா சொன்னேன், விடு, கிறுக்கி நான்," என்று எழுந்து போனாள். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

இனோபத் எர்காஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னறைக்குக் கூட்டிப்போய், ஆணியில் இருந்தபடியே பையைத் திறந்து காட்டினாள். அவர் அரை ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்து விழுந்திருக்கு," என்றார்.

"அந்துக்குப் பல்லு இருக்கா? வியாழக்கிழமை மட்டும் அடுப்ப மூட்டாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். அந்தக் கல்ல எடுத்துடுங்க."

"அடி வரிசைய எடுத்தா அடுப்பே விழும். என்ன பேசற நீ? எம்புள்ள ரெண்டு வருஷம் கழிச்சு வர்றான், அவனுக்குக் கறி சுடக் கூடாதா? ஹைரி வந்து ரெண்டு வார்த்தை ஊதிட்டுப் போனா உனக்குப் பேய் புடிச்சிடுதே."

கோபமாகச் சொல்லவில்லை. தாஜாவாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாற்பதாண்டுக் குடித்தனத்தில் அவரை ஒருமுறையும் பேச்சால் வென்றதில்லை அவள்.

மூன்றாவது வியாழன். அவருடைய பழைய டிரைவர் கூட்டாளிகள் நாலு பேர் அடுப்பைப் பார்க்க வந்துவிட்டார்கள். தடுக்க முடியாது என்று தெரிந்ததும், இனோபத் செய்யக் கூடாததைச் செய்தாள். பிள்ளை வரும்முன் இறக்கக் கூடாத ரொட்டியை ஆணியிலிருந்து இறக்கினாள். பின்னறை ஜன்னலை அடைத்து இடுக்கில் துணி செருகினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தரையில் மெத்தை போட்டுப் படுத்து, பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளியே சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆண்கள் சிரிப்பதும், கம்பியைத் தட்டுவதும், எர்காஷ் தன் மட்டக்கோல் பெருமையைப் பேசுவதும் சுவருக்கு அப்பால் கேட்டன. பத்தடி தூரம்கூட இல்லை. அவள் வாய்விட்டுக் கூப்பிட்டால் ஐந்து ஆண்கள் ஓடி வருவார்கள்.

முதலில் புகை வந்தது. ஜன்னல் அடைத்திருந்தும், சுவரிலிருந்தே கசிவது போல், சுண்ணாம்பு வழியாக, ஆணி அடித்த ஓட்டை வழியாக, வால்கொழுப்பின் தித்திப்பும் கருகலும் கலந்து வந்தது. அதற்குள் வேறொரு வாடை. நனைந்த கம்பளி. டீசல். வெகுநாள் பூட்டிக்கிடந்த இரும்பின் குளிர்ந்த வாடை. மெத்தையின் ஓரம் அமிழ்ந்தது. யாரோ மண்டியிட்ட மாதிரி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கூப்பிட நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கரக்.

நெஞ்சின் மேல். பைக்குள்.

கரக்.

மெல்லும் சத்தம் அவள் முகவாய்க்குக் கீழேயே கேட்டது. அவசரமில்லாமல். பசித்த பிள்ளை சிந்தாமல் தின்பது போல. ஒவ்வொரு கடிக்கும் பை எடை குறைந்தது. அவள் பிடியை இறுக்கினாள். வேறெதிலும் கை படவில்லை. துணிதான். ரொட்டிதான். மூச்சு மட்டும் அவள் கழுத்தில் பட்டது. பல்லிடுக்கில் நுழைந்து வரும் காற்றின் மெல்லிய விசில்.

வெளியே எர்காஷ் எதற்கோ சிரித்தார்.

எல்லாம் அடங்கியதும் பையைத் திறந்தாள். உள்ளங்கையளவுத் துண்டு. அவ்வளவுதான் மிச்சம்.

நோதிரைக் கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தது.

"நோதிர்! இப்பவே கிளம்புடா. ரயில் வேணாம், பிளேன்ல வா, எப்படியாவது வா. கேக்குதா?"

"கேக்குது," என்றது குரல், மரியாதையாக. "நீங்க யாரு பேசறீங்க? போன்ல 'அம்மா'ன்னு பேர் வருது. அதான் எடுத்தேன்."

"நான்தான்டா!"

"மன்னிச்சுக்கோங்க. எனக்குச் சரியா ஞாபகம் வரல. டிக்கெட் ஒண்ணு சட்டைப்பையில இருக்கு. எந்த ஊருக்குன்னு பாத்துட்டிருக்கேன்." அவன் குரல் குழம்பி அழப்போகிறவன் குரல் மாதிரி இருந்தது. "நீங்க அழாதீங்க," என்றான். பிறகு வைத்துவிட்டான். அதன் பின் அவன் எடுக்கவே இல்லை.

அவள் எர்காஷின் காலில் விழுந்தாள். அவர் பயந்துபோய் வைத்தியரைக் கூட்டிவந்தார். வைத்தியர் ரத்த அழுத்தம் பார்த்து, பிள்ளை வரும் பரபரப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். சிக்னல் கிடைக்காத இடத்தில் ரயில் ஓடுகிறது, அதான் எடுக்கவில்லை என்று எர்காஷ் அவளுக்குப் புரியவைத்தார். முதியவர் ஒருவரைக் கூப்பிட்டு ஓத வைத்தார்; அவரும் ஓதிவிட்டு, அடுப்பைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கொல்லர் செய்தது என்று விசாரித்துவிட்டுப் போனார். இனோபத் ஒருநாள் கடப்பாரையைத் தூக்கிக் கறுப்புச் செங்கல்லில் ஓங்கி இடித்தாள். சிமெண்டு தெறித்தது, கல் அசையவில்லை. எர்காஷ் வந்து கடப்பாரையை அவள் கையிலிருந்து குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போல் வாங்கி வைத்தார். தெறித்த இடத்தை அன்றைக்கே பூசிவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது.

காலையிலிருந்தே அவள் அந்தத் துண்டு ரொட்டியைப் பையோடு மடியில் கட்டிக்கொண்டு நடமாடினாள். தாப்சானில் புது மெத்தைகள் விரித்தாகிவிட்டது. திராட்சை, மாதுளை, ரொட்டி அடுக்கு, வெங்காயம் அரிந்த தட்டு. விளக்குச் சரம் பகலிலேயே எரிந்தது. எர்காஷால் காத்திருக்க முடியவில்லை. ஐந்து மணிக்குத் தணல் ஆயிற்று. முதல் கம்பிகளை வைத்தார். கொழுப்புச் சொட்டியது. புகை எழுந்து, வளைந்து, இந்தமுறை பின்னறைக்குப் போகவில்லை. முற்றத்தைத் தாண்டி, அவளைத் தாண்டி, வெளிக்கதவின் பக்கமாக ஊர்ந்தது.

அவள் சமையலறையில் வெங்காயக் கத்தியோடு நின்றாள். கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. எர்காஷின் அலறல்தான் கேட்டது.

"வந்துட்டான்! நோதிர் அம்மா, ஓடி வா! எம்புள்ள வந்துட்டான்!"

ஓடினாள். அந்த ஒரு நொடி முழுக்க அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

தாப்சானின் தலைமாட்டில், விருந்தாளியின் இடத்தில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். மழித்த தலை. வெயிலில் காய்ந்த உதடு. காது மடலில் செம்மண். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மெத்தையில் கால் மடக்கியிருந்தான். எர்காஷ் அவன் தோளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "இளைச்சுட்டான் பாரு, துரும்பா இளைச்சுட்டான்," என்றார். எர்காஷின் சத்தம் கேட்டு ஹைரி அக்காவும் தட்டில் சமோசாவோடு வந்துவிட்டாள். கமோலோடு இதே தெருவில் விளையாடியவள். அவனை நேருக்கு நேர் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"நோதிர்கண்ணு! அப்படியே இருக்கடா, போனப்ப எப்படி இருந்தியோ அப்படியே!"

அவன் சிரித்தான். முன்பற்களுக்கு நடுவே சந்து.

"அம்மா," என்றான் இனோபத்தைப் பார்த்து. "என் ரொட்டி."

அவள் மடியை இறுகப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை. சத்தம் வரவில்லை.

"குடும்மா," என்றார் எர்காஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தாய் கையால குடுக்கறதுதான முறை? எவ்வளவு நேரம் புள்ளையக் காக்க வைப்ப?" சொல்லிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, அவரே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை. பையிலிருந்து துண்டை எடுத்து அவளுடைய உள்ளங்கையிலேயே வைத்து, மணிக்கட்டைப் பிடித்து நீட்டினார். எதிரேயிருந்தவன் கையை நீட்டவில்லை. குனிந்து, அவள் உள்ளங்கையிலிருந்தே வாயால் எடுத்தான். உதடு பனிக்கட்டியாக இருந்தது.

அப்போது வெளிக்கதவு தட்டப்பட்டது.

அவள் திரும்பினாள். நீலக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் தோள்பையோடு ஒரு வாலிபன் நின்றான். முழுநாள் நடந்தவன் போல் களைத்திருந்தான். கூச்சத்தோடு சிரித்தான், முன்பற்களில் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருந்தது.

"சலாம் பெரியம்மா," என்றான். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். மார்கிலான்ல ரயில விட்டு எறங்கினேன், எங்க போகணும்னு தெரியல. புகை வாசனை புடிச்சிட்டே இந்தத் தெரு வரைக்கும் வந்துட்டேன். இங்க தங்க ஏதாவது சத்திரம் இருக்கா?"

அவள் அருகே போனாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. புருவத்தில் ஆறு வயதில் விழுந்த தழும்பு இருந்தது. அவன் விலகவில்லை, பாவம் யாரோ ஒரு கிழவி என்று பொறுத்துக்கொண்டு நின்றான்.

"யாரது?" என்றார் எர்காஷ் உள்ளிருந்து. எட்டிப் பார்த்தார். மகனை, முழுசாக, தலை முதல் கால் வரை பார்த்தார். "வழிப்போக்கனா? வந்த விருந்தாளிய வெறுங்கையோட அனுப்பாத. ஒரு கம்பி குடுத்து அனுப்பு. கடைத்தெருவுல லாட்ஜ் இருக்கு தம்பி, நேராப் போ."

"இருக்கட்டும் ஐயா, நல்லா இருங்க," என்றான் நோதிர். நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினான். திறந்த கதவையும், அதன் நீல வண்ணத்தையும், உள்ளே விளக்குச் சரத்தையும் ஒருமுறை பார்த்தான். எதையோ யோசிக்கிறவன் போல் நெற்றி சுருங்கியது. பிறகு விரிந்தது. தோள்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

அவளுக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. நிதானமாக. கடைசி வாய்.

தெருமுனை வரை இருபது அடி இருக்கும். பத்து.

இனோபத்துக்குக் குரல் திரும்பியது. வாழ்நாளில் கத்தாத அளவுக்குக் கத்தினாள்.

"நோதிர்!"

தெருவில் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் வளைந்து மறைந்தான்.

"இதோ இருக்கேம்மா," என்றது தாப்சானிலிருந்து குரல், வாய் நிறைய ரொட்டியோடு.